ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொன்னா, ஒட்டலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்வி. சென்னைல ரெண்டு பெட்ரூம் வாடகை வீடு. ஓனர் 'ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் மாத்தக் கூடாது'ன்னு கண்டிஷன் போட்டுட்டாராம். சரின்னு டபுள் சைடு டேப் வாங்கி ஹால்ல 5 போட்டோ ஃப்ரேம் ஒட்டியிருக்காங்க. 3 மாசத்துல ரெண்டு விழுந்துடுச்சு, கூடவே உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பட்டியும் (பெயிண்டுக்கு அடியில வழவழப்புக்காகப் பூசற வெள்ளைப் பூச்சு) பேந்து வந்துடுச்சு. 'இதை எப்படிச் சரி பண்றது, மீதி மூணையும் எப்படிக் கழட்டுறது, வேற எப்படித்தான் வீட்டை அழகு பண்றது?' இதுதான் கேள்வி.

முதல்ல ஏன் பேந்துச்சுன்னு பார்ப்போம். நம்ம ஊர்ச் சுவர்ல செங்கல் மேல சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் பட்டி, அப்புறம் பிரைமர், பெயிண்ட். வாடகை வீட்டுல பெரும்பாலும் செலவு கம்மியா இருக்கணும்னு டிஸ்டம்பர்தான் (தேய்ச்சா மாவா உதிர்ற மலிவு பெயிண்ட்) அடிச்சிருப்பாங்க. நீங்க ஒட்டுற டேப் பெயிண்டைத்தான் பிடிக்குது, சுவரைப் பிடிக்கலை. இழுக்கும்போது இருக்கறதுலயே பலவீனமான அடுக்கு எதுவோ அது பிரிஞ்சு வந்துடும். மழைக்காலத்துல ஈரம் ஏறின சுவர்னா இன்னும் சுலபமா வரும். அதனால என் கருத்து இதுதான்: 'ஒட்டினா சேதம் ஆகாது'ங்கறதை நம்பாதீங்க. ஒரு ஆணி போடற ஓட்டை 3 மில்லிமீட்டர். டேப் பேர்க்கறது அரை அடி.

ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. கறுப்புத் துணியால சுவரை நாலு தடவை அழுத்தித் தேய்ங்க. துணியில வெள்ளையா மாவு வந்தா அந்தச் சுவர்ல எதுவும் நிக்காது, விட்டுடுங்க. மாவு வரலை, எமல்ஷன் பெயிண்ட்தான்னா, இழுத்தா நீளுற வால் இருக்கற ஸ்ட்ரிப் வாங்குங்க, கமாண்ட் ஸ்ட்ரிப் மாதிரி. புதுசா பெயிண்ட் அடிச்ச சுவர்னா ஒரு வாரம் காய விடணும். சோப்புத் தண்ணி வேண்டாம், ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, காஞ்சதும் ஒட்டி 30 செகண்ட் அழுத்தி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பாரம் ஏத்தணும். கழட்டும்போது வாலைப் பிடிச்சு சுவரோட ஒட்டினாப்புல நேர் கீழே, மெதுவா. உங்க பக்கமா இழுத்தீங்க, பட்டி கையோட வந்துடும்.

உங்க மீதி மூணு ஃப்ரேமுக்கு வாங்க. பிடிச்சு இழுக்கவே கூடாது. ஹேர் டிரையரை ஓரத்துல ஒரு நிமிஷம் காட்டுங்க, பசை இளகும். அப்புறம் மீன் பிடிக்கற நரம்பு ஒண்ணை ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவுல விட்டு, ரெண்டு கையாலயும் ரம்பம் அறுக்கற மாதிரி மேலிருந்து கீழே அறுத்துக்கிட்டே வாங்க. ஃப்ரேம் தனியா வந்துடும். சுவர்ல நிக்கற பசையைத் திரும்பச் சூடு காட்டி விரலால உருட்டி எடுங்க. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் சரி. சுவர்ல பட்டா கறை உள்ளே இறங்கிடும், மேல பெயிண்ட் பிடிக்காது.

பேந்த இடத்துக்கு ஹார்ட்வேர் கடையில 1 கிலோ வெள்ளை சிமெண்ட் பட்டி பாக்கெட் வாங்கினா போதும். ஓரத்துல தூக்கிக்கிட்டு நிக்கறதைப் பட்டி பிளேடால சுரண்டுங்க, தூசி தட்டி, ஈரத்துணியால லேசா நனைங்க. இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. காஞ்ச சுவர் பட்டியில இருக்கற தண்ணியை உறிஞ்சிடும், மறுநாளே விரிசல் விடும். 100 கிராம் பட்டிக்கு 35லேருந்து 40 மில்லி தண்ணி, கட்டி இல்லாம குழைச்சு மெல்லிசா ஒரு கை இழுங்க. காஞ்சதும் இன்னொரு கை. ஒரே தடவையில தடிமனா அப்பினா நிக்காது. ராத்திரி முழுக்கக் காய விட்டு, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, பிரைமர், அப்புறம் பெயிண்ட். பெயிண்ட் ஷேடு நம்பரை ஓனர்கிட்டயே கேளுங்க, மொட்டை மாடியில பழைய டப்பா கிடக்கும். அதே ஷேடு வாங்கினாலும் அந்த இடம் மட்டும் திட்டா தெரியும், ஏன்னா பழசு மங்கியிருக்கும். மூலையிலேருந்து மூலை வரைக்கும் அந்த ஒரு சுவரை முழுசா அடிச்சாத்தான் தெரியாது.

இன்னொண்ணு, ஓனர்கிட்ட 'ஆணி அடிக்கலாமா'ன்னு பொதுவா கேட்டா 'வேண்டாம்'னுதான் வரும். 'ஹால்ல இந்தச் சுவர்ல 2 ஆணி, காலி பண்ணும்போது பட்டி பார்த்துக் கொடுத்துடறேன்'னு வாட்ஸப்ல இடத்தைப் போட்டோவோட அனுப்புங்க. பலர் ஒத்துக்கறாங்க, எழுத்துலயும் இருக்கும். பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல பிடிக்கறது நிறைய இடத்துல வழக்கம். அது உங்க அக்ரிமெண்ட்ல இருந்தா, 'எப்படியும் அடிக்கத்தானே போறீங்க'ன்னு தன்மையா கேட்கலாம். 2019ல அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தோட அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிக்கிறது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனா அக்ரிமெண்ட்ல வேற மாதிரி ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருந்தா அதுதான் பேசும், அதனால எடுத்துப் படிங்க.

பழைய குடித்தனக்காரர் விட்டுட்டுப் போன ஓட்டைகளையும் தேடுங்க. உள்ளே பிளாஸ்டிக் பிளக் இருந்தா ஒரு ஸ்க்ரூ போட்டாலே போதும், புது ஓட்டையே வேண்டாம்.

திரைச்சீலைக்கு டென்ஷன் ராடு, அதாவது ஆணி இல்லாம ரெண்டு பக்கச் சுவரையும் அழுத்திக்கிட்டு நிக்கற முறுக்குக் கம்பி. ஜன்னல்ல, சுவரோட தடிமன்ல கிரில்லுக்கு உள்பக்கம் நாலஞ்சு இஞ்ச் குழி இருக்கும்ல, அதுக்குள்ள நிக்கும். அகலத்தை மேலே, நடுவுல, கீழே மூணு இடத்துல அளங்க, பூச்சு ஒரே மாதிரி இருக்காது. 5 அடிக்கு மேல போனா நடுவுல தொங்கும். ரொம்ப முறுக்கினா ரப்பர் பதியற இடத்துல பட்டி நொறுங்கும், அதனால ரெண்டு பக்கமும் பழைய சைக்கிள் டியூப்ல வட்டமா ஒரு துண்டு வெட்டி வெச்சுட்டு முறுக்குங்க. கனமான துணி வேண்டாம், காட்டன் போதும்.

ஒட்டற வால்பேப்பர் ஆசை இருந்தா சுவர்ல வேண்டாம். 8க்கு 4 அடி சன்போர்டு (லேசான ஃபோம் பலகை) ஒண்ணு வாங்கி அதுல ஒட்டி சோஃபாவுக்குப் பின்னால சாய்ச்சு வைங்க. சோஃபா முதுகே பிடிச்சுக்கும், காலி பண்ணும்போது லாரியில ஏத்திடலாம். ஹால் ட்யூப்லைட்டைத் தொடாம, மூலையில ஒரு ஸ்டாண்டு விளக்கு, 2700 கெல்வின் மஞ்சள் பல்பு, அவ்வளவுதான். பல்பு எதையாவது மாத்தினா பழசை எறியாம பரண்ல வைங்க. பால்கனியில தொட்டிக்கு அடியில தட்டு கட்டாயம். செம்மண் தண்ணி டைல்ஸ் இடுக்குல இறங்கினா ஆசிட் ஊத்தினாலும் போகாது, அதைக் காட்டித்தான் அட்வான்ஸ்ல கை வைப்பாங்க.