தங்கம் தியேட்டர் எங்கே போச்சு? மதுரையின் 2,563 சீட்டுக் கதை

[காட்சி: மதுரை ரயில் நிலைய வாசல், காலை நேரம். வரிசையா ஆட்டோக்கள்.]

மதுரை ஜங்ஷன்ல இறங்கி வெளிய வாங்க. கொஞ்சம் வயசான ஆட்டோக்காரரா பார்த்து, "அண்ணே, தங்கம் தியேட்டர்கிட்ட போகணும்"னு சொல்லுங்க. எந்த தியேட்டர்னு கேட்க மாட்டார். வண்டியை எடுத்து, சில நிமிஷத்துல மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில இறக்கி விட்டுருவார்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தா தியேட்டர் இருக்காது. பல மாடி ஜவுளிக்கடை நிக்கும். கண்ணாடி முகப்பு, கட்டைப்பை தூக்கிட்டு வர்ற கல்யாண வீட்டுக் கூட்டம். தியேட்டர் மூடியது 90கள்ல. அப்புறம் பல வருஷம் பூட்டிக் கிடந்து, கடைசியில இடிச்சாங்க. ஆனா அந்த இடத்துக்கு ஊர் வச்ச பேரு இன்னும் மாறல.

இந்த வீடியோவுல நான் சொல்லப் போறது ஒரே ஒரு எண்ணைப் பத்தி. 2,563. தங்கம் தியேட்டர்ல இருந்த சீட்டுகளோட எண்ணிக்கை அது. அந்தத் தியேட்டரை ஊரே தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினதும் அந்த எண்ணாலதான். கடைசியில அது நிக்க முடியாம போனதும் அதே எண்ணாலதான்னு நான் நினைக்கிறேன்.

[காட்சி: மதுரை வரைபடம். கோயிலைச் சுத்தி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் ஒவ்வொண்ணா ஒளிருது.]

முதல்ல அந்தத் தெருவைப் பார்ப்போம். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவுல பெருமாள் மேஸ்திரி பேர்ல தெருக்கள் இருக்குல்ல, யாரு இந்தப் பெருமாள் மேஸ்திரி? மதுரையைச் சுத்தி ஒரு காலத்துல கோட்டைச் சுவரும் அகழியும் இருந்துச்சு. 19ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர், ஊர் உள்ளேயே நெருக்கிக்கிட்டு மூச்சு முட்டுதுன்னு அந்தச் சுவரை இடிக்க முடிவு பண்ணினார். சுவரை இடிச்சு அகழியைத் தூர்க்கிறவங்களுக்கு அந்த இடத்துலயே மனை கொடுத்தாங்க. அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவர்தான் பெருமாள். நில அளவை பார்த்தவர் மாரட். அதான் மாரட் வீதி. பிளாக்பர்னுக்கு நன்றியா நட்டதுதான் விளக்குத்தூண்.

அதாவது, தங்கம் தியேட்டர் நின்ன தெருவே ஒரு இடிப்புல பிறந்த தெரு. இடிப்பு வேலையைப் பார்த்தவர் பேரைத்தான் அது இன்னைக்கும் தாங்கிட்டு நிக்குது. மதுரைக்கு இடிக்கிறது புதுசில்ல. ஆனா கோட்டைச் சுவர் போனப்ப ஊர் வெளிப்பக்கமா விரிஞ்சுது. தியேட்டர் போனப்ப அப்படி எதுவும் விரியல. அந்த வித்தியாசம்தான் எனக்கு உறுத்துது.

[காட்சி: பழைய தீபாவளி பட விளம்பரம் போல வரையப்பட்ட ஓவியம்.]

1952 அக்டோபர் 17. தீபாவளி. 'பராசக்தி' வெளியான நாள். சிவாஜி கணேசனுக்கு அதுதான் முதல் படம். தங்கம் தியேட்டருக்கும் அதுதான் முதல் படம். ஒரு நடிகரும் ஒரு கட்டடமும் ஒரே நாள்ல ஊருக்கு அறிமுகமானா, அந்த ஊர்க்காரங்க ரெண்டையும் பிரிச்சுப் பேச மாட்டாங்க. மதுரையில சிவாஜி ரசிகர்கள் இருக்கிற வீட்டுல இந்தத் தேதி குலசாமி கும்பிடு மாதிரி நினைவுல இருக்கும்.

இப்ப அந்த 2,563ஐ எடுத்துக்குவோம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்னு மதுரைக்காரங்க இன்னைக்கும் நெஞ்சை நிமித்திச் சொல்வாங்க. இந்தக் காலத்து மால் தியேட்டர்ல ஒரு ஸ்கிரீனுக்கு இருநூறு பேர்னு வச்சுக்கிட்டா, பன்னிரண்டு ஸ்கிரீனுக்கு மேல ஒரே கூரைக்குக் கீழ, ஒரே திரைக்கு முன்னாடி.

இன்னொரு கணக்கு. நாளுக்கு மூணு காட்சி, மூணும் நிரம்புதுன்னு வைங்க. 7,689 பேர். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல மதுரையில இருந்தவங்க ஏறக்குறைய 3,60,000 பேர். ஐம்பது நாளுக்குள்ள கைக்குழந்தையிலிருந்து கிழவி வரைக்கும் ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் உட்கார வச்சு எழுப்பிவிட முடியும். இப்படி ஒரு கட்டடத்தை யாராவது ஏன் கட்டணும்?

காரணம் இருக்கு. அன்னைக்குப் படச்சுருள் அதிக விலை. ஒரு படத்துக்குக் கொஞ்சம் பிரதிகள்தான் போடுவாங்க. மதுரை மாதிரி ஊருக்கு ஒண்ணு வந்தா அது ஒரு தியேட்டருக்குத்தான். அங்க ஓட்டம் முடிஞ்ச பிறகுதான் சின்ன ஊர்களுக்கும், அப்புறம் டூரிங் கொட்டகைகளுக்கும் போகும். புதுப் படத்தைப் புதுசா பார்க்கணும்னா உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஆளுகளும் மதுரைக்குத்தான் பஸ் ஏறணும். ரயிலடியும் பஸ் ஸ்டாண்டும் நடக்கிற தூரத்துல. அவ்வளவு ஜனமும் ஒரே வாசல்ல வந்து நிக்கும். அந்த வாசலுக்குப் பின்னாடி 2,563 சீட்டு இருந்தா அது பேராசை இல்ல, சரியான கணக்கு.

எங்க தாத்தா திருமங்கலம் பக்கத்து ஊர்க்காரர். ஒரு படத்தைப் பத்திப் பேச்சு வந்தா கதை சொல்ல மாட்டார், நடிச்சவங்க பேர்கூடச் சொல்ல மாட்டார். "தங்கத்துல பார்த்தேன்"னு மட்டும் சொல்வார். அதுல எல்லாம் அடங்கிப் போச்சு அவருக்கு.

[காட்சி: கார்பன் ஆர்க் புரொஜெக்டர் வேலை செய்யும் விதம், வரைபடமாக.]

இவ்வளவு பெரிய ஹால்ல படம் காட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல. அன்னைக்கு புரொஜெக்டர்ல பல்பு கிடையாது. ரெண்டு கார்பன் குச்சி. ரெண்டையும் நெருக்கத்துல வச்சு மின்சாரம் பாய்ச்சினா நடுவுல கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் வரும். குச்சி எரிஞ்சு குறைஞ்சுக்கிட்டே போகும். ஆபரேட்டர் அதை விடாம பார்த்து, இடைவெளி சரியா இருக்கிற மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் கண் அசந்தா திரை மங்கிரும், கீழ இருந்து விசில் பறக்கும். அதோட ரீல் மாத்துறது வேற. ஒரு மெஷின்ல ரீல் முடியப் போறப்ப படத்தோட மேல் மூலையில ஒரு புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்ததும் பக்கத்து மெஷினை ஓட விடணும். திரை தூரமாகவும் பெருசாகவும் ஆக ஆக வெளிச்சம் கூடுதலா வேணும். வெளிச்சம் கூடினா மின்சாரம், குச்சி, சூடு எல்லாம் கூடும். பெரிய ஹாலோட செலவு இங்கேயே ஆரம்பிச்சிருது.

ஹால் நிரம்புற வரைக்கும் இந்தச் செலவு கண்ணுலயே படாது. நிரம்பாத நாள்லதான் அது உறைக்கும்.

மெட்ராஸ்ல தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15ல தொடங்குச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு படம். பக்கத்து வீட்டுத் திண்ணையே கொட்டகை ஆயிருச்சு. 80கள்ல வீடியோ கேசட்டும் டெக்கும் வாடகைக்கு வந்துச்சு. 1993 ஏப்ரல்ல சன் டிவி. இதெல்லாம் எல்லாரும் சொல்ற காரணம், உண்மையும்தான். ஆனா எல்லாத் தியேட்டருக்கும் வந்த அடி இது. தங்கத்துக்குக் கூடுதலா ஒரு அடி விழுந்துச்சு. படத்துக்குப் பிரதிகள் அதிகமாச்சு. ஒரே ஊர்ல ஒரே படம் ரெண்டு மூணு தியேட்டர்ல, சுத்து ஊர்கள்லயும் அதே நாள்ல வர ஆரம்பிச்சுது. உசிலம்பட்டிக்காரர் உசிலம்பட்டியிலயே பார்த்துக்கலாம். எந்தக் காரணத்துக்காக 2,563 சீட்டு போட்டாங்களோ, அந்தக் காரணமே இல்லாம போச்சு.

ஒரு காட்சிக்கு 300 பேர் வர்றாங்கன்னு வைங்க. இன்னைக்கு ஒரு சின்ன ஸ்கிரீனுக்கு அது ஹவுஸ்ஃபுல். தங்கத்துல அது எட்டுல ஒரு பங்குகூட இல்ல. அம்பதோ முந்நூறோ, ஹாலோட மின்விசிறிகள் சுத்தணும், கூரை ஒழுகாம இருக்கணும், டிக்கெட் கிழிக்க, டார்ச் அடிக்க, கூட்ட, சைக்கிள் ஸ்டாண்டைப் பார்க்க ஆள் நிக்கணும். உரிமம் புதுப்பிக்கணும். தமிழ்நாட்டுல சினிமா கொட்டகைகளுக்குத் தனிச் சட்டமே இருக்கு, 1955ல வந்தது. தியேட்டர்காரங்க "சி ஃபார்ம்"னு சொல்ற லைசென்ஸ் இந்தச் சட்டத்துல வர்றதுதான். கட்டடம் உறுதியா இருக்குன்னு பொதுப்பணித்துறை சான்று, மின்சாரச் சான்று, தீயணைப்பு, சுகாதாரம் எல்லாம் பார்த்த பிறகுதான் அது கையில வரும். மக்கள் உயிர் சம்பந்தப்பட்டது, இருக்க வேண்டிய சட்டம்தான். ஆனா கட்டடம் பெருசாகவும் பழசாகவும் ஆக ஆக ஒவ்வொரு சான்றுக்குப் பின்னாடியும் ஒரு பழுதுபார்க்கும் செலவு நிக்கும்.

[காட்சி: சென்னை அண்ணா சாலை தபால் அலுவலக வளாகம், பிறகு மதுரை விக்டோரியா எட்வர்டு ஹால்.]

அப்ப பழைய தியேட்டர் எதுவுமே தப்பிக்காதான்னு கேட்கலாம். தப்பிச்சிருக்கு. சென்னை அண்ணா சாலை தபால் அலுவலகத்துக்குள்ள ஒரு சின்னக் கட்டடம் இருக்கு, அஞ்சல்தலை சேகரிக்கிறவங்க போற இடம். அதுதான் 1913ல தொடங்கின எலக்ட்ரிக் தியேட்டர். தபால்துறை கைக்கு வந்ததால நின்னுச்சு. மதுரையிலயே ரயிலடி எதிர்ல விக்டோரியா எட்வர்டு ஹால். ரீகல்னு சொன்னா உங்களுக்குத் தெரியும், ஒரு காலத்துல இங்கிலீஷ் படம் பார்க்கப் போன இடம். அது அடிப்படையில ஒரு மன்றம், நூலகம். சினிமா அதுல ஒரு பகுதி. ரெண்டும் சின்னது, வேற வேலைக்கும் ஆகும். 2,563 பேர் உட்காரச் சரிவா கட்டின ஒரு ஹாலை வேற எதுக்கு வச்சுக்கிறது? கல்யாண மண்டபத்துக்கும் பெருசு. சரக்கு வைக்கிற கிட்டங்கியா வைக்கலாம்னா நகரத்து நடுவுல அந்த மனையோட விலை அதை விடாது. தனி ஆள் சொத்து. அவங்க எவ்வளவு நாள்தான் வெறுங்கட்டடத்தைச் சுமப்பாங்க? வித்தவங்களையோ வாங்கினவங்களையோ திட்டறதுல எனக்குச் சம்மதம் இல்ல.

சிந்தாமணி தியேட்டரும் இப்படித்தான். 1937ல எம்.கே. தியாகராஜ பாகவதர் நடிச்ச 'சிந்தாமணி' படம் கொட்டிக் கொடுத்த லாபத்துல மதுரையில கட்டின தியேட்டர், பேரும் அதே பேர். அதுவும் இன்னைக்கு இல்ல.

[காட்சி: இரவு. மூடிய கடைகள். தெருவோர இட்லிக் கடையில் ஆவி.]

சரி, அந்தப் பகுதி மக்கள் என்ன சொல்றாங்க? இங்கதான் நான் கொஞ்சம் நிதானமா பேச விரும்புறேன்.

இடிச்சதைப் பத்திப் பேச்சு எடுத்தா முதல்ல வர்றது கோபம் இல்ல. ஒரு தயக்கம். அந்தத் தெருப் பக்கம் வயசானவங்ககிட்ட நான் கேட்டப்பல்லாம் பேச்சு கடைசியில ஒரே இடத்துல வந்து நின்னுச்சு: மூடறதுக்கு முன்னாடி நீங்க எப்பக் கடைசியா உள்ள போனீங்க? பதில் வராது. சிரிப்பாங்க. சிலர் கண்ணை வேற பக்கம் திருப்பிக்குவாங்க. வீட்டுல டிவி வந்த பிறகு போகலைங்கிறதை யாரும் மறைக்கல. நாமளே விட்டுட்டோம், அப்புறம் இடிக்காதேன்னு சொல்ல நமக்கு என்ன பாத்தியதைங்கிற எண்ணம் அவங்ககிட்ட இருக்கு. இந்தத் தியேட்டரைப் பத்தி நான் கேட்டதுலயே ரொம்ப நேர்மையான துக்கம் அதுதான்.

எல்லாரும் துக்கப்படலை. பூட்டிக் கிடந்த வருஷங்கள்ல ராத்திரி அந்த வாசலைக் கடக்கவே பயமா இருந்துச்சுன்னு சொல்ற பெண்கள் இருக்காங்க. ஜவுளிக்கடை வந்த பிறகு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் வந்துச்சு, வியாபாரமும் பிழைச்சுதுன்னு பக்கத்துக் கடைக்காரங்க சொல்வாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. இளசுகளுக்கோ அது எப்பவுமே பூட்டின கேட்டுதான். அப்பா சொன்ன கதையா மட்டும்தான் அவங்களுக்குத் தங்கம்.

ஆனா ராத்திரி வியாபாரம் பண்றவங்ககிட்ட பேசினா வேற ஒண்ணு தெரியும். மதுரையைத் தூங்கா நகரம்னு சொல்றோம். அதைத் தூங்க விடாம வச்சிருந்ததுல ரெண்டாம் ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நடுராத்திரி தாண்டி ஒரு மணி வாக்குல படம் விட்டா ஆயிரக்கணக்குல ஜனம் ஒரே நேரத்துல தெருவுக்கு வரும். முதல் பஸ் வர்ற வரைக்கும் வெளியூர்க்காரங்க இங்கதான் பொழுதைக் கழிக்கணும். இட்லிச் சட்டியும் புரோட்டாக் கல்லும் பால் கொப்பரையும் அந்த நேரத்துக்குச் சூடா இருந்தது அவங்களுக்காக. ஜவுளிக்கடைக்குக் கூட்டம் வருது, மறுக்கல. ஆனா ராத்திரியானா ஷட்டர் இறங்கிரும். தியேட்டர் கூட்டம் எல்லாரும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே சமயத்துல வெளிய வந்து, அதையே பேசிக்கிட்டு நடந்த கூட்டம். துணிக்கடையில அவங்கவங்க பட்டு அவங்கவங்களுக்கு.

தரை டிக்கெட்டு வாங்கினவனும் பால்கனிக்காரனும் ஒரே வசனத்துக்குக் கைதட்டினது, அது வேற எங்க நடந்துச்சு நம்ம ஊர்ல? வரிசையில தனித்தனியா நின்னாங்க, தனித்தனி வாசல்ல போனாங்க, உண்மைதான். விளக்கு அணைஞ்ச பிறகு கைதட்டல்ல மட்டும் வகுப்பு இல்ல.

[காட்சி: சென்னை அசோக் நகர், உதயம் தியேட்டர் இருந்த நூறடி ரோடு.]

2024ல சென்னை உதயம் மூடப் போகுதுன்னு தெரிஞ்சதும் ஜனங்க குடும்பத்தோட போய் வாசல்ல நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. கையில ஃபோன் இருந்துச்சு. தங்கத்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கல. அது ஓடின காலத்துல சினிமாவுக்குப் போறவங்க கேமரா எடுத்துட்டுப் போக மாட்டாங்க. அதனால வெளி முகப்பு படங்கள்ல கிடைக்கிற அளவுக்கு உள்பக்கம் கிடைக்கிறதில்ல. 2,563 சீட்டும் நிரம்பி இருக்கிறப்ப திரைப் பக்கத்துல இருந்து பார்த்தா எப்படி இருந்திருக்கும்? நான் தேடின வரைக்கும் அப்படி ஒரு படம்கூட எனக்குக் கிடைக்கல.

அதனால ரெண்டு உதவி கேட்கிறேன். உங்க வீட்டுப் பரண்ல, பழைய டைரி மடிப்புல தங்கம் தியேட்டர் டிக்கெட்டோ, நோட்டீஸோ, உள்ள எடுத்த ஒரு மங்கின ஃபோட்டோவோ இருந்தா எனக்கு அனுப்புங்க. அங்க வேலை பார்த்தவங்க யாராவது உங்க சொந்தத்துல இருந்தா, உட்கார வச்சுப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணி வைங்க, ஆபரேட்டரா இருந்தவங்களை முக்கியமா.

அப்புறம், உங்க ஊர்லயும் ஒரு தியேட்டர் பூட்டிக் கிடக்கும். இந்த வாரம் வாட்ச்மேன்கிட்ட அனுமதி கேட்டு உள்ள போங்க. ஆள் ஒருத்தர் மட்டும் நுழையுற அந்த டிக்கெட் கவுண்டர் சந்து, சுவத்துல எழுதின கட்டணப் பலகை, ஆபரேட்டர் ரூம்ல இருந்து வெளிச்சம் வந்த அந்தச் சின்னச் சதுர ஓட்டை. இது மூணையும் படம் எடுத்துருங்க. கூரைத் தகட்டைக் கழட்ட ஆள் வந்துட்டா அப்புறம் உள்ள விட மாட்டாங்க.