வலி எடுக்கும் முன் செல்கள் பேசிக்கொள்கின்றன

அவையோருக்கு வணக்கம்.

இதயத்துக்குத் தாளம் போட்டுக்கொடுக்க வலது மேலறையில் ஒரு சிறு திசு முடிச்சு இருக்கிறது. மனிதக் கருப்பையில் அப்படி ஒரு முடிச்சு கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனாலும் பிரசவ நேரத்தில் அதன் கோடிக்கணக்கான தசைச் செல்கள் ஒரே மூச்சில் சுருங்கிக் குழந்தையை வெளியே தள்ளுகின்றன. ஆளுக்கொரு நேரத்தில் வடம் பிடித்தால் தேர் நிலையை விட்டு அசையாது. இங்கே எல்லோரையும் சேர்ந்து இழுக்கச் சொல்வது யார்?

கருப்பையைச் சுருங்கத் தூண்டும் ஹார்மோனான ஆக்சிடோசின் என்று உடனே சொல்வீர்கள். பாதி விடைதான். ஏழாம் எட்டாம் மாதத்திலேயே வயிறு இறுகுவதைக் கர்ப்பிணிகள் உணர்வதுண்டு. சூட்டு வலி என்று சொல்லிப் பெரியவர்கள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அப்போதும் சுருங்குவது அதே தசைதான். ஆனால் ஓரிடத்தில் எழும் மின்துடிப்பு பக்கத்துச் செல்களுக்கு அதிகம் பரவாமல் அங்கேயே ஓய்ந்துபோகிறது.

காரணத்தை எலிகளிடம் கண்டுகொண்டார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்ஃபீல்ட், சிம்ஸ், டேனியல் ஆகிய மூவரும் 1977-இல் எலியின் கருப்பைத் தசையை மின்னணு நுண்நோக்கியில் பார்த்து எழுதினார்கள். கர்ப்ப காலத்தில் செல்களுக்கிடையே இணைப்புகள் இல்லை என்றே சொல்லலாம். பிரசவத்தின்போது ஏராளமாக முளைத்திருந்தன. குட்டிகள் பிறந்த பிறகு விரைவிலேயே மறையத் தொடங்கின. வேலை முடிந்ததும் பந்தலைப் பிரிக்கும் சிக்கனம் உடலுக்கு உண்டு.

அவற்றின் பெயர் இடைவெளி இணைப்பு. கனெக்சின் என்ற புரதம் ஆறு சேர்ந்து செல்லின் சவ்வில் ஒரு வளையம் ஆகிறது. பக்கத்துச் செல்லிலும் அப்படியே. இரு வளையங்களும் நேருக்கு நேர் பொருந்தினால் நடுவே ஒரு துளை. அயனிகளும், ஏறத்தாழ ஆயிரம் டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) உட்பட்ட சிறு மூலக்கூறுகளும் அதன் வழியே போகலாம். புரதம் போக முடியாது. கருப்பைத் தசையில் முதன்மையானது கனெக்சின் 43. சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும் புரதம் அது. செய்துகொண்டே இருந்தால்தான் துளை நிலைக்கும்.

ஹார்மோன்கள் இங்கேதான் கை வைக்கின்றன. கர்ப்பம் முழுவதும் புரோஜெஸ்டிரோன் கனெக்சின் 43 உற்பத்தியை அடக்கி வைக்கிறது, ஈஸ்ட்ரோஜன் தூண்டிவிடுகிறது. ஆக்சிடோசினுக்கான ஏற்பிகளை, அதாவது அந்த ஹார்மோனின் சொல்லைக் கேட்கும் செல்லின் காதுகளை, பெருக்குவதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. சுருங்கு என்று ஆணையிடுவதைவிட, யாரோடு யார் பேசலாம் என்று தீர்மானிப்பதே ஹார்மோனின் பெரிய வேலை என்பது என் கருத்து.

எலியில் பிரசவத்துக்கு முன் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. செம்மறி ஆட்டில் கதை இன்னும் சுவையானது. நியூசிலாந்தின் ஆய்வாளர் லிகின்ஸ் காட்டியபடி, நேரத்தைக் குறிப்பது வயிற்றிலிருக்கும் குட்டி. அதன் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் உயர, நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் ஆகும் பாதையில் திருப்பிவிடுகிறது. மனிதர்களிடம் இந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. நஞ்சுக்கொடி வெளியேறும் வரை தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் குறைவதில்லை! பிறகு எப்படி அதன் பிடி தளர்கிறது? புரோஜெஸ்டிரோனின் ஏற்பியில் ஏ, பி என்று இரு வகை உண்டு. பிரசவத்தை ஒட்டி ஏ வகையின் பங்கு கூடுவதால், ஹார்மோன் இருந்தும் அதன் சொல் எடுபடாமல் போகிறது என்பது இன்று வலுவாக உள்ள விளக்கம். இந்த ஏற்பியை மறிக்கும் மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்தைக் கொடுத்தால் மனிதக் கருப்பையும் சுருங்கத் தயாராகிறது என்பதால், அந்த ஹார்மோனின் பிடி நம்மிடமும் உண்மைதான்.

சூலகத்தில் இதே இணைப்புகள் நேர்மாறாக வேலை செய்கின்றன. முட்டையைச் சூழ்ந்த செல்கள் இந்தத் துளைகள் வழியே சுழற்சி ஜிஎம்பி என்ற மூலக்கூறை முட்டைக்குள் அனுப்பி, அதன் பிரிதலை நிறுத்தி வைக்கின்றன. முட்டை வெளியேறத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் பொங்கும்போது அந்த மூலக்கூறு குறைகிறது, துளைகளும் மூடிக்கொள்கின்றன, முட்டை முதிர்கிறது. அங்கே பேச்சு நின்றால்தான் காரியம் நடக்கும்.

அப்படியானால் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கக் கனெக்சின் 43-ஐ அடைத்துவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். இன்று மருத்துவர்கள் தரும் நிஃபெடிபின் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது, அட்டோசிபான் ஆக்சிடோசின் ஏற்பியை மறிக்கிறது. இரண்டாலும் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு நாள் அவகாசம். இடைவெளி இணைப்பை மூடும் மருந்து பிரசவ அறைக்கு வரவில்லை. அதே கனெக்சின் 43 தான் தாயின் இதயக் கீழறைச் செல்களையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிறது.