மருத்துவமனைக்கு வெளியே ஒரு வகுப்பறை

அவைத் தலைவர் மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே, அன்பு ததும்ப வரவேற்றுப் பேசிய கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லித் தந்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குடும்ப மருத்துவராக நோயாளிகளைப் பார்த்தது, மாணவர்களுக்குக் கற்பித்தது, சுகாதார நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தது ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். மூன்றிலும் எனக்குத் துணை நின்றது, ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழி.

1961-இல் கெர் ஒயிட் என்னும் மருத்துவர் தம் சகாக்களுடன் ஒரு கணக்கை வெளியிட்டார். வயது வந்தோர் 1,000 பேரில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறை ஏற்படுகிறது. 250 பேர் மருத்துவரை நாடுகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். ஒரே ஒருவர்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அந்த ஒருவரின் படுக்கையருகே நிறுத்தித்தான் நாம் மாணவருக்கு மருத்துவம் முழுவதையும் கற்பித்து வருகிறோம்.

என்னிடம் ஒரு முதியவர் வந்துகொண்டிருந்தார். இரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. என்னிடம் பயிற்சி பெற்ற மாணவர், நூலில் உள்ளபடியே மருந்தின் அளவைக் கூட்டினார், இரண்டாவது மருந்தைச் சேர்த்தார், சிறுநீரகப் பரிசோதனைக்கும் எழுதினார். “ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்” என்றேன். அங்கே அவருடைய மனைவி மாணவரை உட்காரவைத்து, பிள்ளைகளின் கதையையும் தம் மூட்டுவலியையும் ஆதியோடந்தமாகச் சொல்லி, கடைசியில் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினாராம். அந்த அம்மையாருக்கும் இரத்த அழுத்தம். இருவருக்கும் மருந்து வாங்க வசதியில்லாததால், ஒருநாள் அவருக்கு, மறுநாள் இவருக்கு என ஒருவர் மாத்திரையை இருவரும் பங்கிட்டு வந்திருக்கிறார்கள். திரும்பி வந்த மாணவர், “ஐயா, இது எந்தப் பாடத்தில் வருகிறது?” என்று கேட்டார். எந்தப் பாடத்திலும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று நான் சொல்வது இதைத்தான்.

நிர்வாகப் பொறுப்பில் இருந்தபோதும் இந்தக் குறையை நீக்கவே வாதாடினேன். ஆகவே அதைத் தனியே விரிக்காமல் என் கோரிக்கைக்கு வருகிறேன். எடின்பரோ பல்கலைக்கழகம் 1963-இலேயே, குடும்ப மருத்துவர்கள் செய்யும் பணியான பொது மருத்துவத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தி ரிச்சர்ட் ஸ்காட்டை அமர்த்தியது. 1968-இல் கனடாவின் முதல் குடும்ப மருத்துவப் பேராசிரியராக இயன் மெக்வின்னி பொறுப்பேற்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் குடும்ப மருத்துவத்துக்கெனத் தனித் துறை இல்லாமல் பல மருத்துவக் கல்லூரிகள் இயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. துணைவேந்தர் அவர்களே, பாடத்திட்டக் குழு அடுத்து கூடும்போது, குடும்ப மருத்துவத் துறையையும், மருத்துவமனைக்கு வெளியே கட்டாயப் பயிற்சியையும் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கிறேன்.