கிட்டார் வகுப்பும் மீதி ஆறு நாட்களும்

நேயர்களுக்கு வணக்கம். கிட்டாரைத் தனி வகுப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரை எப்படி அணுகுகிறார்கள் என்பதைப் பற்றி, அந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் பேச வந்திருக்கிறேன்.

தனி வகுப்பு பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை, அரை மணியோ ஒரு மணியோ நடக்கும். மீதி ஆறு நாட்களும் மாணவர் தனியாகத்தான் வாசிக்கிறார். ஆகவே, வகுப்பில் எவ்வளவு சொல்லிக்கொடுத்தோம் என்பதைவிட, வீட்டில் கிட்டாரைக் கையிலெடுத்ததும் என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெளிவாக இருக்கிறதா என்பதே ஆசிரியரின் முதல் கவலையாக இருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். விரல் நிலை, தாளம், உட்காரும் முறை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தினால், மாணவர் எதையும் உருப்படியாக எடுத்துக்கொண்டு போவதில்லை. கண்ணில் படும் பிழைகளில் இன்றைக்கு எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதில்தான் ஆசிரியரின் அனுபவம் தெரிகிறது.

புதிதாக வருபவரின் கையைக் குறை சொல்லுமுன் அவர் கொண்டுவந்த கருவியைப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்டீல் தந்திக் கிட்டாரில் 12ஆம் ஃபிரெட்டுக்கு, அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் பன்னிரண்டாவது உலோகக் கம்பிக்கு, மேல் தந்தி 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வாசிக்க வசதியாக இருக்கும். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் தேர்ந்தவருக்கே விரல் நோகும். கருவியின் குற்றத்தைத் தம் கையின் குற்றமாக எண்ணிக்கொண்டு, தமக்கு இசையே வராது என்று ஒதுங்கியவர்கள் கொஞ்சமல்ல.

தொடக்க மாணவர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் கார்டு மாற்றம், அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரு சுரக்கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு விரல்களை மாற்றுவது. சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது, ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியிலும் நடுவிரல் நான்காம் தந்தியிலும் இருந்த இடத்திலேயே இருக்க, மோதிர விரல் மட்டும் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டை விட்டு மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டுக்கு வந்தால் போதும். ஆனால் மாணவர் மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாகத் தேடி வைப்பார். அதுவரை மீட்டும் வலக்கை நின்றுபோயிருக்கும். இந்த இடத்தில் இடக்கையை விரட்டாமல், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, வலக்கை எக்காரணம் கொண்டும் நிற்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையை விதிப்பது என் வழக்கம். விரல் பிந்தி வந்து சுரம் கொஞ்சம் மங்கினாலும் பாதகமில்லை, தாளம் அறுபடக்கூடாது.

எஃப் மேஜர் வேறு வகைத் தொல்லை. ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் முதல் ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்குப் பக்கத்திலேயே, அழுத்தவேண்டியிருப்பதால் விரல் அதிகம் சிரமப்படுகிறது. அதே விரலமைப்பை ஐந்தாம் ஃபிரெட்டில் வைத்தால் ஏ மேஜர் கிடைக்கும். அங்கே அழுத்துவதும் எளிது. அங்கே பழகிக்கொண்டு ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழிறங்கி வரச் சொல்லும்போது, இன்னும் பலமாக அழுத்து என்று அதட்டவேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை.

ஸ்வரக்குறிப்பா, தந்தியையும் ஃபிரெட்டையும் எண்ணால் காட்டும் டேப் என்ற எழுத்துமுறையா என்ற வாக்குவாதம் ஆசிரியர்களிடையே ஓய்வதில்லை. டேப் இணையம் கொண்டுவந்த குறுக்குவழி என்று நினைப்பவர்கள், 1536இல் ஸ்பெயினின் வலென்சியாவில் அச்சான லூயிஸ் மிலான் என்ற இசைக்கலைஞரின், கிட்டாரை ஒத்த பழைய தந்திக் கருவியான விகுவேலாவுக்குரிய பாடநூலே அப்படிப்பட்ட முறையில்தான் எழுதப்பட்டது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். தந்தி எது, ஃபிரெட் எது என்பதை டேப் காட்டிவிடும்; ஆனால் இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான டேப்களில் கால அளவு இருக்காது. ஆகவே டேபைப் பார்த்து வாசிக்கும் மாணவரைக் கைதட்டித் தாளம் எண்ணச் சொல்லிவிட்டுப் பிறகு கிட்டாரைத் தொட விடுவது பயன் தரும்.

படிப்படியாக எட்டு நிலைகளில் நடக்கும் இசைத் தேர்வுகளைப் பொறுத்தவரை, எழுத வேண்டுமென்று கேட்கும் மாணவரைத் தயார் செய்யலாம். ஆனால் வருடம் முழுவதும் தேர்வுக்குரிய அதே சில உருப்படிகளைச் சுற்றி வருவதை நான் விரும்புவதில்லை.

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடங்களில், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை மாணவரை என் எதிரிலேயே செய்யவைத்து, எந்தப் பகுதி, என்ன வேகம் என்பதை அவர் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்கிறேன். அந்த ஆறு நாள் பயிற்சி ஒழுங்காக நடந்தும், ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை போல நான் அரைகுறையாக அறிந்த ஒன்றில் அவருடைய நாட்டம் போனால், அதில் தேர்ந்த இன்னொரு ஆசிரியரிடம் அனுப்பிவைக்கத் தயங்குவதில்லை. நன்றி, வணக்கம்.