டெல்டா ரோட்டுக்குச் சொகுசு செடான்: பேட்ஜை விட்டு கியர்பாக்ஸைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. அரசலாற்றுக் கரை ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன். பின்னால் கேட்பது அறுவடை மெஷின் சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது லட்சத்தை ஒட்டி ஒரு சொகுசு செடான் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் பென்ஸா, பிஎம்டபிள்யூவா, ஆடியா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஓட்டப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே என்ன கியர்பாக்ஸ் இருக்கிறது என்பதைத்தான்.

இந்த விலையில் மேனுவல் கியர் சொகுசு செடான் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது. பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே 2020 அக்டோபரில் 39.30 லட்சத்துக்கு வந்தது. ஆடி ஏ4 2021 ஜனவரியில் 42.34 லட்சத்துக்கும், பென்ஸ் ஏ-கிளாஸ் லிமோசின் அதே ஆண்டு மார்ச்சில் 39.90 லட்சத்துக்கும் வந்தன. எல்லாம் ஆரம்ப மாடலின் அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை. மூன்றுமே ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அமெரிக்காவில்கூட 2019-இல் வந்த பிஎம்டபிள்யூவின் புது 3 சீரிஸில் மேனுவலை எடுத்துவிட்டார்கள், அதன் அதிவேக மாடலான எம்3-ஐத் தவிர. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் மந்தமாக இருக்கும், பெட்ரோலைக் குடிக்கும். இன்றைய எட்டு ஸ்பீடு பெட்டி நம் கையை விட வேகமாக கியர் மாற்றுகிறது, மைலேஜிலும் சளைத்ததில்லை. அதனால் கம்பெனிகளுக்கு மேனுவல் தேவைப்படவில்லை.

கையால் கியர் போடுகிற சுகம் வேண்டும் என்றால் ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் பக்கம் போங்கள். இரண்டிலும் 1.5 டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், 250 என்எம் இழுவிசை, ஆறு ஸ்பீடு மேனுவல் வந்தது; இப்போதும் புதிதாகக் கிடைக்கிறதா என்று ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள். சொகுசு பேட்ஜ் கிடையாது, விலையும் பாதிக்கும் கீழே. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நாலு வழியில் மூன்றாவது கியரில் லாரியைத் தாண்டும்போது கிடைக்கிற திருப்தி அலாதியானது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஆட்டோமேட்டிக். இதில் இரண்டு ஜாதி இருக்கிறது, விற்பனையாளர் பெரும்பாலும் பிரித்துச் சொல்லமாட்டார். ஒன்று டூயல் கிளட்ச், அதாவது டிசிடி. இரண்டு கிளட்ச் இருக்கும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. அடுத்த கியரைத் தயாராக வைத்திருப்பதால் மாறுவதே தெரியாது. மற்றது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிரே உள்ள விசிறியைச் சுற்ற, அதில் வண்டி நகரும். வேகம் பிடித்த பிறகு இரண்டையும் பூட்டிவிடும்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி முகூர்த்த நாளில் போய்ப்பாருங்கள். டவுன் பஸ் பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி. அந்த ஊர்தலில் டிசிடி தன் கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டுத்தான் வண்டியை நகர்த்தும். நாம் மேனுவலில் ஹாஃப் கிளட்ச் அடிக்கிற அதே வேலைதான். சூடு ஏறும். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என்றால் தாங்கும். உலர் கிளட்ச் சீக்கிரம் தேயும். டார்க் கன்வெர்ட்டரில் தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை, எண்ணெய்தான் வழுக்குகிறது.

இன்னொரு இடம், இந்தக் கரை ரோடுதான். டெல்டா முழுக்கத் தட்டை என்பார்கள். வாய்க்கால் பாலத்துக்கும் ஆற்றங்கரைக்கும் ஏறுகிற சரிவைக் கவனித்திருக்கிறீர்களா? சம்பா அறுவடை சமயத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தால் நாம்தான் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், பாதி ரோட்டில் நெல் காய்கிறது. அங்கே சரிவில் ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக ஏறும்போது டிசிடி சில சமயம் தயங்கும், பிறகு திடீரென்று இழுக்கும். டார்க் கன்வெர்ட்டரில் பிரேக்கை மெல்ல விட்டாலே போதும், வண்டி தானாக நகரும். அப்பாவுக்கு இடது முழங்கால் வலி. மேனுவலில் இந்த ரிவர்ஸ் அவருக்கு உயிர் போகிற வேலை.

இப்போது அந்த மூன்று வண்டிகளுக்கு வருவோம். எல்லாம் அப்போது வந்த மாடல்களின் விவரம். ஏ-கிளாஸ் பெட்ரோல் 163 குதிரைத்திறன், ஏழு ஸ்பீடு டிசிடி. ஏ4 190 குதிரைத்திறன், அதுவும் ஏழு ஸ்பீடு டிசிடி. இரண்டுமே எண்ணெய்க் கிளட்ச், திருச்சி - தஞ்சாவூர் ரோட்டில் வெண்ணெய் மாதிரி போகும். 2 சீரிஸில்தான் விஷயமே இருக்கிறது. 220ஐ பெட்ரோல் ஏழு ஸ்பீடு டிசிடி. 220டி டீசல் எட்டு ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர், 400 என்எம். ஒரே பெயர், ஒரே பாடி, உள்ளே வேறு வேறு பெட்டி. தினமும் டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு, செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், என் தேர்வு அந்த 220டி. பின் சீட்டில் கூரை இறங்கி வருவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும், அதைக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பாருங்கள். பட்ஜெட் நீளும் என்றால் 3 சீரிஸும், 2022 மேயில் வந்த புது சி-கிளாஸும் டார்க் கன்வெர்ட்டர்தான். முன்னதில் எட்டு கியர், பின்னதில் ஒன்பது.

டயர் பற்றி ஒரு வார்த்தை. பல பிஎம்டபிள்யூக்களில் ரன்-ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம். ராத்திரி முத்துப்பேட்டை தாண்டி வேதாரண்யம் போகிறவருக்கு அது பெரிய தைரியம். ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் மட்டும் தாழ்வான எந்த வண்டியையும் ஏற்றி நிறுத்தாதீர்கள். அடியில் சிக்கி, சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும்.

டெஸ்ட் டிரைவில் ஷோரூம்காரர் பைபாஸுக்குத்தான் கூட்டிப்போவார். பாலச் சரிவு ஒன்றில் நிறுத்தி, ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே செய்து பாருங்கள். செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் சர்வீஸ் புத்தகத்தைப் பிரித்து, கியர்பாக்ஸ் எண்ணெய் எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று தேடுங்கள். அந்தப் பதிவு இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேசவேண்டும்.