படுக்க வைக்கக் கூடாத புட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் மோசல் ஆற்றோரம் நண்பர்கள் நான்கு பேர் ஒரு செப்டம்பர் கடைசியில் சுற்றினோம். பிரான்ஸில் பிறந்து, கோப்லென்ஸ் நகரில் ரைனோடு சேர்கிற ஆறு அது. நேராகப் போகவே தெரியாது. கோஹெமிலிருந்து எல்லர் ஊருக்கு ஆற்றோடு போனால் 20 கிலோமீட்டருக்கு மேல். ரயில் மலையைக் குடைந்து 4.2 கிலோமீட்டரில் போய்விடுகிறது; சுரங்கம் 1879இல் திறந்தது. சைக்கிளில் போகலாம் என்றான் ஒருவன். மற்ற மூவரும் ரயிலேறிவிட்டோம்.

எல்லரிலிருந்து பிரெம் வரை கால்மோன்ட் என்ற மலைச்சரிவில் ஒரு நடைபாதை இருக்கிறது. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. சில இடங்களில் ஏணி, சில இடங்களில் கம்பி வடம். அந்தச் சரிவில்தான் திராட்சை பயிரிடுகிறார்கள். 65 டிகிரி வரை செங்குத்து! மண் என்று பார்த்தால் உடைந்த சிலேட்டுச் சில்லுகள்தான். ஆமாம், பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அதே கல். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குக் கொடுக்கும். இந்தக் குளிர் தேசத்தில் ரீஸ்லிங் திராட்சை பழுப்பது அதனால்தான்.

பந்தல் கிடையாது. கொடிக்கு ஒரு கம்பு. இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டியிருந்தார்கள். ஒரு பெரியவர் கம்பில் காலை முட்டுக்கொடுத்து நின்று இலை கிள்ளிக்கொண்டிருந்தார். டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் கவ்விப் பிடித்து ஏறும் குட்டி வண்டிதான் கூடைகளைச் சுமக்கிறது. நடுநடுவே புதர் மண்டிய துண்டு நிலங்களும் கண்ணில் பட்டன. அந்தச் சரிவில் நின்றபோது அதற்குக் காரணம் கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்கு நிற்பதற்கே மூச்சு வாங்கியது.

இறங்கியதும் ஒரு வீட்டு வாசலில் இலைக்கொத்து தொங்கியது. ஒயின் தயாரிக்கிற குடும்பமே தன் சரக்கை விற்கிற கடை என்று அர்த்தம். வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் திறக்கக் கூடாது. அங்கே ஃபெடர்வைசர் கிடைத்தது: பாதி புளித்த திராட்சைச் சாறு, அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கலாக, இனிப்பும் சுருக்கும் சேர்ந்து. தொட்டுக்கொள்ள வெங்காய அடை.

புட்டிக்குள் அது இன்னும் பொங்கிக்கொண்டே இருக்கும், நம் கள் மாதிரி. இறுக மூடினால் வெடித்துவிடும் என்பதால் காற்று போக இடம் விட்டுத்தான் மூடுகிறார்கள். "நிமிர்த்தியே வையுங்கள்" என்று அந்த அம்மாள் இரண்டு முறை சொன்னார். நான் கேட்டேனா? நண்பனின் பையில், மடித்த சட்டைகளுக்கு நடுவே பத்திரமாகப் படுக்க வைத்தேன்.

ரயில் முழுக்கப் புளித்த வாசனை. ட்ரியர் வரைக்கும் அவன் என்னோடு பேசவில்லை. மிச்சமிருந்த வெங்காய அடையை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.