எதிர்த்து நின்னவருக்கே பொறுப்பு குடுக்கலாமா? காமராஜர் – சி.எஸ். பற்றி ஒரு கேள்வி

அடுத்த கேள்விங்க. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 'எங்க தென்னை உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு இப்ப நான் தலைவர். எதிர்த்து நின்னு தோத்தவருக்கும் பொறுப்பு குடுங்கங்கறாங்க. காமராஜர் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தை, அதான் சி.எஸ்.ஸை, அமைச்சரவையில சேர்த்துக்கிட்டதைப் பேசினீங்களே, அது ஆபத்தில்லையா?'

ஆபத்துத்தானுங்க தம்பி. ஆனா காமராஜர் எதைக் குடுத்தாருன்னு பாருங்க. 1954-ல முதலமைச்சர் ராஜாஜி விலகினதும், அடுத்து யாருன்னு காங்கிரஸ் கட்சிக்குள்ள போட்டி. காமராஜருக்கு 93 ஓட்டு, நம்ம செங்குட்டைபாளையத்துக்காரர் சி.எஸ்.ஸுக்கு 41. எட்டே பேரு அமைச்சரவை. அதுல சி.எஸ்.ஸும் இருந்தாரு, அவருக்கு ஆதரவா நின்ன பக்தவத்சலமும் இருந்தாரு.

பேருக்கு ஒரு நாற்காலி போட்டு ஓரமா உக்கார வைக்கலீங்க. நிதியையும் கல்வியையும் சேர்த்தே சி.எஸ். கையில குடுத்தாரு. ராஜாஜி ஆட்சியே ஆட்டங்கண்டது, பசங்க பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்ங்கற குலக்கல்வித் திட்டத்தாலதான். அந்த ஆட்சியில நிதி அமைச்சர் இதே சி.எஸ். அவரே கல்வி அமைச்சரா எந்திரிச்சு நின்னு, மே மாசம் அந்தத் திட்டத்தைக் கைவிடறோம்னு அறிவிச்சாரு. காமராஜரே அறிவிச்சிருந்தா ஜெயிச்சவர் பழி தீர்த்துட்டாருன்னு பேச்சு வந்திருக்கும். இதை நினைச்சா எனக்கு இன்னும் பிரமிப்பாத்தான் இருக்குதுங்க.

அதுக்கப்புறம் ஊரூருக்குப் பள்ளிக்கூடம், 1956-லிருந்து மதிய உணவு. பள்ளிக்கூடமும் சி.எஸ். பொறுப்பு, கஜானாவும் சி.எஸ். பொறுப்பு. அவரு மனசு வெக்காம ஃபைலை ரெண்டு மாசம் இழுத்தடிச்சிருந்தாலே போதும், வேலை நின்னிருக்கும். அப்படிப் பண்ணலை. 1962-ல மத்திய அமைச்சரா டெல்லிக்குப் போற வரைக்கும் முழு மனசோட வேலை பாத்தாரு. பின்னாடி டெல்லியில அவரு கொண்டுவந்த பசுமைப் புரட்சி கோதுமைக்காக அவரைக் கொண்டாடறோம். எனக்கென்னமோ இந்த எட்டு வருசம் அதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லைன்னு படுது.

ஒண்ணு மறந்துடாதீங்க தம்பி. காமராஜருக்குக் கட்சி கைக்குள்ள இருந்துச்சு, அதனால தைரியமா குடுக்க முடிஞ்சுது. உங்க இயக்குநர்கள்ல பாதிப்பேராவது உங்க பக்கம் இருக்காங்களான்னு முதல்ல பாருங்க. இருந்தாங்கன்னா அவருக்கு விழாக் கமிட்டி மாதிரி வேலையெல்லாம் வேண்டாமுங்க. கொப்பரை கொள்முதலையோ வங்கிக் கடனையோ முழுசா ஒப்படைங்க. கையெழுத்து அதிகாரத்தோட குடுங்க. முதல் கூட்டத்துலயே, எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிடுங்க.